வாசலில் காவல் இருந்தும் வீடு பறிபோவது எப்படி? – எய்ம்ஸ் சர்வர்கள் சொல்லும் ஃபயர்வால் பாடம்

2022 நவம்பர் 23, புதன்கிழமை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் வழக்கம்போலக் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆனால், கவுன்ட்டர்களில் கம்ப்யூட்டர்கள் வேலை செய்யவில்லை.

அங்கே நோயாளியின் பெயரைப் பதிவு செய்வது, டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவது, ரத்தப் பரிசோதனை முடிவு, பில், டிஸ்சார்ஜ் எல்லாமே ‘இ-ஹாஸ்பிட்டல்’ என்ற மென்பொருள் வழியாக நடப்பவை. அந்த மென்பொருள் ஓடிய சர்வர்கள் முடங்கிவிட்டன. ஊழியர்கள் பேனாவையும் பேப்பரையும் கையில் எடுத்தார்கள். கையால் எழுதும் வேலை ஒரு நாள், இரண்டு நாளில் முடியவில்லை. பெரும்பாலான சேவைகள் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆனது.

பிறகு மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த விவரத்தின்படி, 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு, திறக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தது. எப்படி இது நடந்தது? முதற்கட்ட ஆய்வில் தெரிய வந்த காரணமாக அரசு சொன்னது இதுதான்: நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படவில்லை.

படிப்பதற்கு ஏதோ சின்ன டெக்னிக்கல் குறை போலத்தான் இருக்கிறது. ஆனால், நாட்டின் மிகப் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்றை இரண்டு வாரம் பேப்பருக்குத் திருப்பி அனுப்பியது அந்தக் குறைதான். நீங்கள் ஐ.டி. துறையில் இருந்தாலும் சரி, பத்துப் பேர் வேலை செய்யும் ஆபீஸில் ‘கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர்’ என்ற பெயரில் சர்வர் பொறுப்பைத் தலையில் சுமப்பவராக இருந்தாலும் சரி, இதைப் புரிந்துகொள்வது அவசியம்.

ஃபயர்வால் என்னதான் செய்கிறது?

ஒரு சர்வருக்கு ஒரு முகவரி உண்டு. அதை ஐ.பி. முகவரி என்கிறோம். அந்த முகவரியில் ஏகப்பட்ட கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண், அதுதான் போர்ட். எண்கள் 65,535 வரை போகும்.

இதில் சில கதவுகள் எல்லோருக்கும் பழக்கமானவை. நீங்கள் ஒரு வெப்சைட்டைத் திறந்தால் உங்கள் போன் தட்டும் கதவு 443. சர்வரை நிர்வகிப்பவர் தூரத்தில் இருந்தே எஸ்.எஸ்.ஹெச். மூலம் உள்ளே நுழையும் கதவு 22. விண்டோஸ் கம்ப்யூட்டரின் திரையைத் தூரத்தில் இருந்து இயக்கும் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ கதவு 3389. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் கதவு 445. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் கதவு 3306.

ஃபயர்வால் இந்தக் கதவுகளின் முன் நிற்கும் காவலாளி. அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் நிறுத்தி மூன்று விஷயம் பார்ப்பார்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தக் கதவு? பெரும்பாலான ஃபயர்வால்களில் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வருவார். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ, அதன்படி விடுவார் அல்லது தடுப்பார். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்க மாட்டார்.

இந்த வரிசைதான் பலரையும் கவிழ்க்கிற இடம். ‘இந்த முகவரியைத் தடு’ என்று பத்தாவது வரியில் எழுதியிருப்பீர்கள். மூன்றாவது வரியிலேயே ‘எல்லோரையும் விடு’ என்று ஒரு வரி இருந்தால், பத்தாவது வரி வெறும் அலங்காரம்.

எனவே பட்டியல் எழுதுவதற்கு உலகம் முழுக்க ஒரே அடிப்படைதான்: தேவையானவர்களை மட்டும் பெயர் சொல்லி விடு, கடைசி வரியில் ‘மற்ற எல்லோரையும் தடு’ என்று எழுது. யார் கெட்டவர் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. யார் நமக்கு வேண்டியவர் என்ற பட்டியல் எப்போதும் சின்னதுதான்.

சரி, இந்தக் காவலை எங்கெல்லாம் வைக்க வேண்டும்? மூன்று இடங்கள் முக்கியம். மூன்றுக்கும் மூன்று நிஜச் சம்பவங்கள் இருக்கின்றன.

1. வெளிவாசல்: 2017-ல் பிரிட்டன் மருத்துவமனைகள்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. ‘வான்னாக்ரை’ என்ற ரான்சம்வேர் உலகம் முழுவதும் பரவியது. அது பயன்படுத்தியது மேலே சொன்ன 445-ம் கதவை. விண்டோஸின் ஃபைல் பகிர்வு வசதியில் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரில் புகுந்து, அங்கிருந்து 445 திறந்திருக்கும் அடுத்த கம்ப்யூட்டரைத் தானாகவே தேடிப் போகும். யாரும் எந்த லிங்க்கையும் கிளிக் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

அதிகம் அடிபட்டவற்றில் ஒன்று பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். அந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, இங்கிலாந்தில் உள்ள 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்களும் அறுவை சிகிச்சைகளும் ரத்தாயின.

இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. ‘மருத்துவக் கருவிகளோடு இணைந்த பழைய கம்ப்யூட்டர்; அப்டேட் போட்டால் கருவி நின்றுவிடுமோ’ என்ற பயம் எந்த மருத்துவமனையிலும் இருக்கக்கூடியதுதான். ஆனால், தணிக்கை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: அப்டேட் போட்டார்களோ இல்லையோ, இணையத்தைப் பார்த்து நிற்கும் ஃபயர்வாலைச் சரியாக நிர்வகித்திருந்தாலே அந்த அமைப்புகள் தப்பித்திருக்கும்.

மருத்துவமனையின் ஃபைல் பகிர்வுக் கதவை, வெளி உலகில் இருந்து யாராவது தட்ட வேண்டிய தேவை என்ன? எதுவும் இல்லை. தேவையில்லாத கதவு திறந்திருந்தது. அவ்வளவுதான்.

2. உள்சுவர்கள்: மறுபடியும் எய்ம்ஸ்

வெளிவாசலை ஒழுங்காகப் பூட்டிவிட்டோம். போதுமா?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் பன்னீர் தெளித்து எல்லோரையும் வரவேற்பார்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு யார் வந்தாலும், ‘நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?’ என்று கேட்பதுகூட இல்லை. வந்தவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால், மளிகைச் சாமான் அடுக்கிய அறைக்குச் சமையல்காரர் தவிர யாரும் போக முடியாது. நகைப் பெட்டி இருக்கும் அறையின் சாவி அத்தையின் இடுப்பில் இருக்கும். மொய்ப் பணம் தனிப் பையில், தனி ஆளிடம். வாசலைத் தாண்டி வந்துவிட்டார் என்பதற்காக எல்லா அறையும் அவருக்குத் திறக்காது.

இதைத்தான் கம்ப்யூட்டர் உலகில் ‘நெட்வொர்க்கைப் பிரிப்பது’ என்கிறார்கள். பிரிக்காத நெட்வொர்க் என்பது அறைகளே இல்லாத மண்டபம். வரவேற்பில் இருக்கும் கம்ப்யூட்டர், எக்ஸ்ரே கருவி, சிசிடிவி கேமரா, பில் போடும் சர்வர், நோயாளிகளின் தரவுத்தளம் எல்லாமே ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கும். யாரும் யாரோடும் பேசலாம். ஒரு ஊழியர் ஏமாந்து ஒரு போலி மெயிலைத் திறந்தால் போதும். அவர் கம்ப்யூட்டரில் நுழைந்தவருக்கு அடுத்த அடியில் தரவுத்தளம்.

எய்ம்ஸில் சர்வர்கள் தாக்குதலுக்கு ஆளானதற்கு நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு சொன்னதன் பொருள் இதுதான். உள்ளே வந்தவரை அடுத்த அறைக்குப் போகாமல் நிறுத்தும் சுவர்கள் போதவில்லை.

3. காவலாளியின் சாவிக்கொத்து: கேப்பிட்டல் ஒன்

‘எங்களுடையது எல்லாம் கிளவுடில் இருக்கிறது. அங்கே பாதுகாப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.’ ஸ்டார்ட்அப் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்றான கேப்பிட்டல் ஒன், அமேசானின் கிளவுடில்தான் இருந்தது. 2019 மார்ச்சில் அங்கே ஒருவர் நுழைந்தார். ஜூலையில், வெளியில் இருந்து வந்த ஒரு மெயில் சொல்லித்தான் வங்கிக்கே விஷயம் தெரிந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயிருந்தன.

ஃபயர்வால் இருந்ததா? இருந்தது. வழியே அதுதான்!

வெப்சைட்டுக்கு வரும் கோரிக்கைகளைச் சோதிக்கும் ஒரு ஃபயர்வால் தவறாக கான்ஃபிகர் செய்யப்பட்டிருந்தது. அமேசான் கிளவுடில் ஓடும் ஒவ்வொரு சர்வரும், 169.254.169.254 என்ற உள்முகவரியில், ‘நான் யார்? என்னிடம் என்னென்ன சாவி இருக்கிறது?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெளியில் இருந்து யாரும் அந்த முகவரியைத் தொட முடியாது. ஆனால், தாக்கியவர் அந்த ஃபயர்வாலையே ஏமாற்றித் தனக்காக அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தார். பதிலாக வந்த தற்காலிகச் சாவி அவர் கைக்குப் போனது. அந்தச் சாவிக்கு இருந்த அதிகாரம், வாடிக்கையாளர் விவரங்கள் சேமித்து வைத்திருந்த இடங்கள்வரை நீண்டிருந்தது.

வாசலில் நிற்கும் காவலாளிக்கு லாக்கர் அறையின் சாவி எதற்கு? இதுதான் மூன்றாவது இடம். எந்தச் சர்வருக்கு, எந்த மென்பொருளுக்கு, எந்த ஊழியருக்கு என்ன அதிகாரம் என்று தீர்மானிக்கும் பாதுகாப்புக் கொள்கை. வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் கொடுத்தால் போதும்.

அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று 2020 ஆகஸ்ட்டில் அந்த வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது. கிளவுட் நிறுவனம் கட்டடத்தையும் மின்சாரத்தையும் மெஷினையும் பார்த்துக்கொள்ளும். எந்தக் கதவைத் திறப்பது, யாரிடம் சாவி கொடுப்பது என்பது வாடிக்கையாளரின் பொறுப்பு.

தெரிந்தும் ஏன் தவறு நடக்கிறது?

மேலே சொன்ன எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. கணினி அறிவியல் படித்த எவருக்கும் தெரியும். அப்படியும் திரும்பத் திரும்ப நடக்கிறதே, ஏன்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. திங்கட்கிழமை புது மென்பொருள் ஓட வேண்டும். மென்பொருள் கம்பெனியில் இருந்து போன்.

‘‘சார், கனெக்ட் ஆகல. உங்க ஃபயர்வால்தான் தடுக்குதுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் ஓப்பன் பண்ணிப் பாருங்களேன்.’’

‘‘எந்த போர்ட் வேணும்?’’

‘‘அது டெவலப்பரைக் கேக்கணும் சார், அவர் கிளம்பிட்டார். இப்போதைக்கு எல்லாத்தையும் ஓப்பன் பண்ணிடுங்க. டெஸ்ட் முடிஞ்சதும் மூடிக்கலாம்.’’

பட்டியலின் உச்சியில் ‘யாரும், எங்கும், எந்தக் கதவும் – விடு’ என்று ஒரு வரி ஏறுகிறது. கனெக்ட் ஆகிவிடுகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். அதை மூடச் சொல்லி யாரும் போன் செய்வதில்லை. ஏனென்றால், திறந்திருப்பதால் எந்த வேலையும் நிற்கவில்லை. தப்பாக மூடிய கதவைப் பற்றி ஐந்தாவது நிமிடத்தில் புகார் வரும். தப்பாகத் திறந்த கதவைப் பற்றிப் புகார் சொல்ல யாரும் வர மாட்டார்கள். உள்ளே வந்தவர் எதற்குச் சொல்லப் போகிறார்?

இன்னொரு காரணம், மென்பொருள்களின் ஆரம்ப நிலை. 2017 ஜனவரியில், பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்களை யாரோ அழித்துவிட்டு, பணம் கேட்டுக் குறிப்பு எழுதி வைத்தார்கள். எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. இணைய உலகம் முழுவதும் 27017-ம் கதவைத் தட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு வந்த 3.6 பதிப்பில் இருந்து, இன்ஸ்டால் செய்ததும் அந்த சர்வருக்குள் இருந்து மட்டுமே பேச முடியும் என்று ஆரம்ப நிலையை மாற்றினார்கள்.

டாக்கர் பயன்படுத்துபவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். உபுண்டு சர்வரில் ‘யு.எஃப்.டபிள்யூ’ ஃபயர்வாலைப் போட்டு, எல்லாவற்றையும் தடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால், டாக்கர் கன்டெய்னரின் ஒரு போர்ட்டை நீங்கள் வெளியே ‘பப்ளிஷ்’ செய்தால், டாக்கர் அதற்கான வழியை லினக்ஸின் அடியாழத்தில் தானே எழுதிக்கொள்ளும். உங்கள் தடை அதற்குப் பொருந்தாது. தரவுத்தளக் கன்டெய்னரை 127.0.0.1 முகவரியோடு சேர்த்து மட்டும் பப்ளிஷ் செய்வது பாதுகாப்பு. பப்ளிஷ் செய்யாமலே இருப்பது இன்னும் நல்லது.

ஒரு நடுத்தர மருத்துவமனைக்கு எப்படி அமைக்கலாம்?

உதாரணத்துக்கு, நூறு படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, பேப்பரில் அறைகள் வரைவது: வரவேற்பு மற்றும் வார்டு கம்ப்யூட்டர்கள், மென்பொருள் சர்வர், தரவுத்தளம், ஸ்கேன் மற்றும் லேப் கருவிகள், கேமராக்கள், வருபவர்களுக்கான வைஃபை, பேக்கப்.

ஒவ்வொரு அறைக்கும் தனி ஸ்விட்ச் வாங்க வேண்டியதில்லை. ஒரே ஸ்விட்ச்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதிக்கு ‘வி-லேன்’ என்று பெயர். ஒரு வி-லேனில் இருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ஃபயர்வாலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று அமைத்துவிடுங்கள். பிறகு பட்டியல் இப்படி இருக்கலாம்:

1. வரவேற்பு, வார்டு கம்ப்யூட்டர்களில் இருந்து மென்பொருள் சர்வருக்கு: 443 மட்டும்.

2. மென்பொருள் சர்வரில் இருந்து தரவுத்தளத்துக்கு: 3306 மட்டும். வேறு யாரும் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடக் கூடாது.

3. நிர்வாகிகள், வி.பி.என். வழியாக ஒரே ஒரு இடைக் கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கிருந்து மட்டும் சர்வர்களின் 22-ம் கதவுக்கு. வி.பி.என்-னுக்குப் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சோதனையும் வேண்டும்.

4. பேக்கப் சர்வர், தானே போய்த் தரவை எடுத்து வரும். மற்ற எந்த சர்வரும் பேக்கப் அறைக்குள் போக முடியாது. அதற்கு லாகினும் தனி.

5. ஸ்கேன், லேப் கருவிகள் தங்கள் முடிவை அனுப்ப வேண்டிய சர்வரோடு மட்டும் பேசலாம். இணையம் கிடையாது.

6. வருபவர்களின் வைஃபை: இணையத்துக்கு மட்டும். உள்ளே எங்கேயும் இல்லை.

7. தரவுத்தளத்தில் இருந்து இணையத்துக்கு: தேவையில்லை.

8. மற்ற எல்லாம்: தடு. தடுத்ததை லாகில் எழுது.

ஏழாவது வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வருபவரைத்தான் சோதிக்கிறோம், போகிறவரை யார் பார்க்கிறார்கள்? அமேசான் கிளவுடில் புதிதாக உருவாக்கும் ‘செக்யூரிட்டி குரூப்’பிலேயே, உள்ளே வருவது எல்லாம் தடை, வெளியே போவது எல்லாம் அனுமதி. திருடியதை வெளியே அனுப்ப திருடனுக்கும் ஒரு வழி வேண்டும். தரவுத்தளம் இணையத்தோடு பேசவே முடியாது என்றால், அந்த வழி அடைபடுகிறது.

இப்போது வரவேற்பில் ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்துவிட்டதாக வையுங்கள். அது தரவுத்தளத்தின் 3306-ஐத் தட்டும், கதவு திறக்காது. சர்வரின் 445-ஐத் தட்டும், திறக்காது. ஒவ்வொரு தட்டலும் லாகில் பதிவாகும். ‘வரவேற்பு கம்ப்யூட்டருக்குத் தரவுத்தளத்தில் என்ன வேலை?’ என்ற சந்தேகம் வந்து, அதன் ஒயரைப் பிடுங்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: ஒரே வி-லேனுக்குள் இருக்கும் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போக ஃபயர்வாலைத் தாண்ட வேண்டியதில்லை. அதனால், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் தரும் சொந்த ஃபயர்வாலையும் ‘ஆன்’ செய்தே வைத்திருங்கள். ‘பிரிண்டர் வரவில்லை’ என்று சொல்லி அதை அணைப்பது தீர்வே கிடையாது.

மாற்றும்போது மாட்டிக்கொள்ளாதீர்கள்

தூரத்தில் இருந்து எஸ்.எஸ்.ஹெச். வழியாக ஒரு சர்வருக்குள் நுழைந்து ஃபயர்வாலை ஆன் செய்கிறீர்கள். 22-ம் கதவை அனுமதிக்க மறந்துவிட்டீர்கள். எல்லாம் சேர்ந்து அடைபடும், நீங்களும்தான். உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிய கதை.

இதற்கு மூன்று பழக்கம் போதும். ஒன்று, நிர்வாகக் கதவுக்கான அனுமதியை முதலில் எழுதுங்கள், பிறகு ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். இரண்டு, பழைய இணைப்பை மூடாமல், புதிதாக இன்னோர் இணைப்பில் நுழைந்து பாருங்கள். மூன்று, பத்து நிமிடத்தில் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஜூனிப்பர் ரவுட்டர்களில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. லினக்ஸில் ஒரு டைமர் போட்டுக்கொள்ளலாம்.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கும். 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் மணிக்கணக்கில் படுத்துவிட்டது நினைவிருக்கிறதா? அன்று ஹேக்கிங் எதுவும் இல்லை. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. சரிசெய்யப் பயன்படுத்தும் உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், இன்ஜினீயர்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியதாயிற்று.

பட்டியலைப் பராமரிப்பது

ஃபயர்வால் பட்டியல் ஒரு தடவை எழுதி மாட்டி வைக்கிற காலண்டர் கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: யார் கேட்டார், எதற்கு, எந்தத் தேதியில், எப்போது எடுக்க வேண்டும். ‘தற்காலிகம்’ என்ற வார்த்தை வந்தால், பக்கத்திலேயே கடைசித் தேதியும் இருக்க வேண்டும்.

டெபிட், கிரெடிட் கார்டு விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான சர்வதேச விதிமுறையான ‘பிசிஐ டிஎஸ்எஸ்’, இந்த வரிகளை குறைந்தது 6 மாதத்துக்கு ஒரு முறை மறுஆய்வு செய்யச் சொல்கிறது. கார்டு வேலை செய்யாதவர்களும் இதையே பின்பற்றலாம்.

வெளியில் இருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதையும் சோதியுங்கள். ஆபீஸ் வைஃபையில் இருந்து சோதித்தால் உண்மை தெரியாது. போனின் மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து, ‘என்மேப்’ என்ற இலவசக் கருவியால் உங்கள் சர்வரின் கதவுகளைத் தட்டிப் பாருங்கள். நீங்கள் பொறுப்பில் இருக்கும் சர்வரை மட்டும், அதுவும் அலுவலக அனுமதியோடு. அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு செர்ட்-இன். அது 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களைக் கண்டுபிடித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். மேலே எட்டாவது வரியில் ‘லாகில் எழுது’ என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் தகவல்களைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. ‘டெஸ்ட் முடிஞ்சதும் மூடிக்கலாம்’ என்பது அந்த விசாரணையில் எடுபடாது.

கடைசியாக ஒரு கேள்வி

எய்ம்ஸ் கதையில் ஒரு நல்ல பகுதியும் உண்டு. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. இ-ஹாஸ்பிட்டல் தரவு முழுவதும் அதில் இருந்து மீட்கப்பட்டு, புது சர்வர்களில் ஏற்றப்பட்டது. நோயாளிகளின் பதிவுகள் தொலைந்து போகாமல் இருந்ததற்கு, தாக்குதல் அந்த ஓர் இடத்தை எட்டாமல் போனதுதான் காரணம்.

நாளை ஆபீஸ் போனதும், உங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவரிடம் (அது நீங்களாகவே இருந்தால் உங்களிடமே) இதைக் கேளுங்கள்: ‘‘நம்ம ஆபீஸில் யாராவது ஒருத்தர் கம்ப்யூட்டர் ஹேக்கர் கைக்குப் போனால், அங்கிருந்து எதையெல்லாம் தொட முடியும்?’’ பதில் ‘எல்லாவற்றையும்’ என்று வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, பேப்பரை எடுத்து அறைகளை வரைய ஆரம்பித்துவிடுங்கள். முதலில் பேக்கப்புக்கு ஓர் அறை, அடுத்தது தரவுத்தளத்துக்கு. இந்த இரண்டை முடிக்க உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஸ்விட்ச்சும் ஃபயர்வாலும் பெரும்பாலும் போதும்.